தாலித் தங்கத்தில் ஓர் அட்டிகை

பத்தர் பட்டறையில் இப்போது வில்லையாக இருக்கும் தங்கம் என் தாலித் தங்கம்தான். போன வாரம் இது உறுதியானது. சொன்னவர் பத்தர். அவர் சொல்லை மட்டும் வைத்து நான் எழுதவில்லை. அவர் உருக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தேன். வில்லையின் ஓரத்தில் கிள்ளிய துணுக்கைத் தரம் பார்க்கும் மையத்துக்கு நானே எடுத்துப் போனேன். இருபத்திரண்டு காரட்டுக்குச் சற்றுக் கீழே வந்திருக்கிறது. அப்படித்தான் வர வேண்டும். என் கல்யாணத்தின்போது தாலிக்கொடியின் கண்ணிகளைப் பற்றவைத்துச் செய்தார்கள். பற்றவைப்பில் வேறு உலோகம் கலந்திருக்கும், உருக்கினால் தரம் கொஞ்சம் இறங்கும். அதற்கு முன்னால் என் அண்ணன், உன் பெரியமாமா, பத்தரிடம் கொடுத்திருந்த தங்கக் காசுகள் அப்படி இறங்கியிருக்காது. என் கண் ஒன்றைச் சொல்கிறது, மெஷினும் அதையே சொல்கிறது. செய்தித் தொழிலில் இந்த அளவு ஆதாரம் இருந்தால் நான் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

பெங்களூரிலிருந்து போனில் கேட்ட என் மகளே, உனக்கு இந்தக் கதையில் பாதிதான் தெரியும். மாமா தன் பாதியைச் சொல்லிவிட்டார். என் பாதியை எழுதித் தருகிறேன் என்றேன். அச்சில் வரட்டுமா என்று கேட்டபோது, "போட்டுக்கோம்மா. என் பேரைப் போடாத, மாமா பேரையும் போடாத" என்றாய். போடவில்லை. வெட்கப்பட்டுத்தான் பேரை மறைத்தாள் என்று யாராவது நினைத்தால், அது அவர்கள் பாடு.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சிலவற்றை உனக்கே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ நகை வடிவமைக்கிறாய். பெரிய பணக்காரர்கள் மட்டும் படியேறும் கடை அது. புதிதாகத் தோண்டிய தங்கத்தை உங்கள் பட்டறை வாங்குவதில்லை. பழைய நகையிலிருந்து, பழைய செல்போன் பலகையிலிருந்து பிரித்தெடுத்த தங்கம்தான். கல் என்றால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம். ஒவ்வொரு நகையோடும் அதன் தங்கம் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். முதல்முதலாக இதை நீ விளக்கியபோது மாமா கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். "செல்போனை உடைச்சு எடுக்கிற தங்கமா? குப்பைத் தங்கம்னு சொல்லு. இதுக்கு நம்ம ஊர்க் கடையைவிட அதிக விலையா? கொடுக்கிறவன் ரொம்பப் படிச்சவனாத்தான் இருப்பான்." நீ சிரித்துவிட்டு, ஒரு மோதிரத்துக்குத் தேவையான தங்கத்தை எடுக்க எவ்வளவு மலையைப் பொடியாக்குகிறார்கள், அந்தத் தண்ணீரில் என்னென்ன விஷம் கலக்கிறது என்று சொன்னாய். எனக்கு அதை அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகளின் கரையில் நின்று நான் செய்தி அனுப்பியிருக்கிறேன். ஆற்றின் வயிற்றைத் தோண்டினால் பக்கத்து ஊர்க் கிணற்றில் என்ன ஆகும் என்று பார்த்தவளுக்கு, கண்காணாத ஊரின் சுரங்கமும் ரொம்பத் தூரமில்லை.

உன் கல்யாணம் நிச்சயமானதும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாய். ஓர் அட்டிகை. தங்கத்தை மெல்லிய கம்பியாக இழுத்து, உன் அப்பா மோட்டாருக்குள் செம்புக் கம்பியைக் காயிலாகக் கட்டியது போல வரிசை வரிசையாகச் சுற்றியது. ஒரு கல் இல்லை. ஓர் இடத்திலும் பற்றவைப்பு இல்லை. முனைகளைத் திருகாணிகள் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு உனக்குப் பிறக்கும் மகளுக்கு அது பிடிக்காமல் போனால் திருகாணியைக் கழற்றி, சுற்றைப் பிரித்து, கம்பியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரு துளி சேதாரம் வராது. நல்ல நகை என்றால் அதைக் கெடுக்காமல் பிரிக்க வேறொருத்தியால் முடிய வேண்டும் என்றாய். நான் எத்தனையோ நகைக்கடைத் திறப்பு விழாக்களுக்குச் செய்தியாளராகப் போயிருக்கிறேன், இப்படி ஒரு பேச்சை எங்கேயும் கேட்டதில்லை. பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாய்: "அம்மா, உன் தாலியையும் கொடியையும் தருவியா? அதுலதான் செய்யணும்."

கேட்க நீ தயங்கினாய். கொடுக்க நான் தயங்கவில்லை. உன் அப்பா போன பிறகு, காரியத்தன்று உறவுப் பெண்கள் கூடி என் கழுத்திலிருந்து அதை எடுப்பதற்காக வந்தார்கள். நான் முதல் நாளே கழற்றி வைத்துவிட்டேன். கட்டியவர் இல்லை என்றால் கழற்றுகிற வேலை என்னுடையது, கூட்டத்துடையது அல்ல என்றேன். நீ அன்று கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு அது பீரோவில் இருந்தது. எனக்கு அது புனிதப் பொருளும் இல்லை, பயப்பட வேண்டிய பொருளும் இல்லை. நல்ல தங்கம். அவர் பூதலூரில் மோட்டார் கடை போட்ட புதிதில் இருவருமாகச் சேர்த்து வாங்கிய கொடி அது.

தஞ்சாவூரில் நம் பத்தரிடமே செய்யலாம் என்று முடிவாயிற்று. அன்றைக்கு அதை அவரிடம் நானே கொண்டுபோயிருக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் மழையில் நனைந்த நெல்லைக் கொட்டிவைத்து விவசாயிகள் மறியல் செய்கிறார்கள் என்று போன் வந்தது. நான் பூதலூருக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்திருந்த மாமா, "நான் தஞ்சாவூர்ப் பக்கம்தான் போறேன், குடு பாப்பா, குடுத்துட்டுப் போறேன்" என்றார். துணிப்பையில் வைத்துக் கொடுத்தேன். மறுவாரம், குண்டுகளையும் சேர்த்து உருக்கலாமா அல்லது அவற்றை மட்டும் தனியாக வைக்கலாமா என்று கேட்பதற்காகப் பத்தருக்குப் போன் செய்தேன்.

"எந்தக் குண்டுக்கா? காசுதானே வந்துச்சு."

"காசா?"

"ஆமாக்கா. உங்க அண்ணன் புதுக் காசாக் கொண்டாந்து குடுத்தாரு. பளபளன்னு இருக்கு. எடை போட்டு வெச்சிருக்கேன்."

திருவையாற்றில் மாமாவின் வாழைத்தார் மண்டிக்கு அப்படியே பஸ் ஏறினேன். ஏலம் முடிந்து லாரியில் தார் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "டீ சொல்லவா?" என்றார்.

"தாலி எங்கண்ணே?"

"சத்தம் போடாத. ஆளுங்க இருக்காங்க."

"அவங்களும் கேக்கட்டும். தாலி எங்க?"

"பத்திரமா இருக்கு. அமாவாசைக்குக் கோயில் உண்டியல்ல போட்டுடலாம்னு வெச்சிருக்கேன். அதே எடைக்கு என் கைக்காசைப் போட்டுக் காசு வாங்கிக் குடுத்திருக்கேன். ஒனக்கு என்ன நஷ்டம்?"

"அந்தப் புள்ள கேட்டது என் தாலியை."

"அது சின்னப் புள்ள, கேக்கும். நீ பெரியவ, ஒனக்கு எங்க போச்சு புத்தி? அறுத்த தாலியைக் கொண்டுபோய்க் கல்யாணப் பொண்ணு கழுத்துல போடுவாங்களா? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா ஊரு ஒன்னையத்தான் சொல்லும். ஒனக்காகத்தான் செஞ்சேன். தங்கம் தங்கம்தானே பாப்பா?"

"தங்கம் தங்கம்தான்னா என் தங்கத்துல ஒனக்கு என்ன பயம்?"

லாரிமேல் நின்றிருந்தவர் சிரித்துவிட்டார். மாமா அவரை முறைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அதை எடுத்துவந்து கொடுத்தார். கொடுக்கும்போது, "ஒங்கிட்ட பேச முடியுமா? பேப்பர்காரி" என்றார். அதை வசவாகத்தான் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அவர் திருடவில்லை, சொந்தக் காசைப் போட்டார் என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்பினால் செய்தார். அன்பினால் செய்வதைச் சொல்லாமல் செய்யும் பழக்கம் நம் குடும்பங்களில் இருக்கிறது. அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் வாங்கிக் கொடுத்த அந்தப் பளபளப்பான காசு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஆனால் எங்கிருந்தெல்லாம் வந்திருக்கலாம் என்று தெரியும். ஒருமுறை செய்திக்காக ஒரு நகை உருக்கும் பட்டறைக்குப் போயிருந்தேன். கடைகளில் மாற்றிப் போட்ட பழைய நகை அங்கே தட்டுத் தட்டாக வரும். ஒரு தட்டில் குழந்தையின் அரைஞாண், நெளிந்த மூக்குத்தி, ஒற்றைத் தோடு, யாருடையவோ தாலிகள். அவற்றில் எது கணவன் இருப்பவளுடையது, எது இல்லாதவளுடையது என்று தட்டில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எல்லாம் ஒரே உருக்குக் கிண்ணத்தில் விழுந்தது. நான் தாலிகளையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு உருக்குபவர், "அதைப் பாக்காதீங்கம்மா, அப்புறம் தோடு வாங்க மனசு வராது" என்று கிண்டல் செய்தார். அங்கிருந்து கட்டியாகப் போய், காசாகவும் சங்கிலியாகவும் திரும்பி, கண்ணாடிப் பெட்டியில் ஏறிவிட்டால் அது புதுநகை. நம் ஊரில் ஒவ்வொரு மணப்பெண்ணும் முன்பின் தெரியாத விதவைகளின் தங்கத்தைப் போட்டுக்கொண்டுதான் மணவறையில் உட்காருகிறாள். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இன்னாருடைய தாலி என்று தெரிந்தால் மட்டும் தோஷம். அப்படியானால் தோஷம் இருப்பது தங்கத்தில் இல்லை, தெரிவதில்தான். உன் தொழிலோ, அதைத் தெரியப்படுத்துவது.

ஆனாலும் நீ அன்று போன் செய்து சொன்னதுதான் மாமா செய்ததைவிட என்னை அதிகமாகச் சுட்டது. "விடும்மா. கல்யாண நேரத்துல எதுக்கு? நீ இங்க அனுப்பிடு. எங்க பட்டறைத் தங்கத்தோட சேத்து உருக்கிடறேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம். நமக்குத் தெரிஞ்சா போதும்." உன் குரலில் இருந்த களைப்பு எனக்குப் புரிந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் இழுப்பார்கள். ஆனால் நீ சொன்னதை நிதானமாகத் திரும்பப் படித்துப் பார். முன்பின் தெரியாத பணக்காரிக்கு விற்கும் நகையில் தங்கத்தின் பிறப்பிடத்தை எழுதிக் கொடுப்பாய். உன் கழுத்தில் விழும் நகைக்கு மட்டும் பிறப்பிடத்தை அழிப்பாய். உங்கள் தொழிலில் சிலர், சுரங்கத்திலிருந்து நேற்று வந்த கட்டியை ஒருமுறை உருக்கிவிட்டு 'மறுசுழற்சித் தங்கம்' என்று விற்கிறார்கள் என்று நீதான் கோபப்பட்டாய். அவர்கள் புதியதைப் பழையது என்கிறார்கள். நீ பழையதைப் பெயரில்லாதது ஆக்கப் பார்க்கிறாய். இரண்டும் ஒரே நெருப்பில் நடக்கும் வேலைதான்.

உன் அப்பா இதுபோன்ற ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டது உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. வெண்ணாற்றுப் பக்கத்து ஊரில் ஒருவர் வயலில் மோட்டார் ஷாக் அடித்து இறந்துபோனார். அந்த மோட்டாரை வீட்டில் வைத்திருக்கப் பிடிக்காமல் அவர் மகன்கள் கொண்டுவந்து இவர் கடை வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். இவர் அதைப் பிரித்து, பழுதைக் கண்டுபிடித்து, புதிதாகக் காயில் கட்டி, பெயின்ட் அடித்து வைத்தார். வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் அது எந்த மோட்டார் என்று சொன்னார். எல்லோரும் திரும்பிப் போனார்கள். "சொல்லாம வித்தா என்ன?" என்று நானே கேட்டேன். "சொல்லாம வித்தா, நான் பழுது பாத்ததை நானே நம்பலைன்னு அர்த்தம்" என்றார். கடைசியில் ஒருவர் விவரம் தெரிந்தே வாங்கிப் போனார். அது இன்னும் ஓடுகிறதா என்று நான் விசாரித்ததில்லை. ஓடியிருந்தால் கதை நன்றாக இருக்கும் என்பதற்காக ஓடுகிறது என்று எழுத மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்கு இது எப்படியோ தெரிந்து, கேமராவோடு தஞ்சாவூருக்கு வரட்டுமா என்று கேட்டார்களாம். வேண்டாம். என் தாலியை மறைக்கவும் விட மாட்டேன், விற்கவும் விட மாட்டேன். கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்வது வேறு, உண்மையைக் கூவி விற்பது வேறு. உருக்கும் நெருப்புக்கு முன்னால் நான் கண்ணைத் துடைப்பதை யாரோ மும்பையில் பார்த்து மோதிரம் வாங்க வேண்டாம்.

துடைக்கவும் இல்லை. பத்தர் பட்டறை தெற்கு வீதிக்குப் பின்னால் இருக்கிறது. லேசர் மெஷினும் ஏசியும் வந்துவிட்டன, வேலை குவிந்து கிடக்கிறது, உட்கார இடமில்லை. உன் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பற்றவைப்பே இல்லாம நிக்குமாக்கா? உங்க பொண்ணுகிட்ட கேட்டேன், நிக்கும்ங்குது. நின்னா நானும் இதே மாதிரி நாலு செஞ்சு விப்பேன், சொல்லிடுங்க" என்றார். பிறகு தாலியைக் கையில் எடுத்ததும் குரல் இறங்கிவிட்டது. "உருக்கிட்டா திரும்பாதுக்கா." உருக்குங்கள் என்றேன். கொடி முதலில் தளர்ந்தது, பிறகு குண்டுகள். தாலி கொஞ்ச நேரம் தன் உருவத்திலேயே நின்றது. அதுவும் போயிற்று. உன்னைக் கேட்காமல் உருக்கியதற்குக் காரணம் உண்டு. தாலியாக இருக்கும்வரை அதை உண்டியலில் போட ஆள் இருக்கிறது, கண்ணீர் விட ஆள் இருக்கிறது. வில்லையாகிவிட்டால் பேச வேண்டியவர்கள் நீயும் நானும்தான். ஆனால் அன்றே கம்பி இழுக்கச் சொல்லவில்லை. அது யார் கழுத்துக்கு என்பது உன் முடிவு.

அதன் பிறகு சம்பந்தி வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல அத்தை. அம்மாவை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார். நல்ல பையன். ஆனால் அது ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் சொல்லும் பதில் என்பதை நீ குறித்துக்கொள். திருப்பனந்தாளுக்குப் பஸ் பிடித்து அவர் அம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா காபி கொடுத்தார். முழுவதையும் சொன்னேன், மாமா காசை மாற்றி வைத்தது உட்பட.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமாங்க?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"எம் பொண்ணு நாளைக்கு உங்க வீட்டுல இருக்கப் போறவ. வரும்போதே ஒளிச்சு வெச்ச ஒண்ணோட வர வேணாம்னுதான்."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். திரும்பி நின்று, "உங்க வீட்டுக்காரர் உங்களை நல்லா வெச்சிருந்தாரா?" என்றார்.

"நல்லா சண்டை போடுவாருங்க. நல்லாத்தான் வெச்சிருந்தாரு."

முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் சரி என்று சொல்லவில்லை. "பெரியவங்க இருக்காங்க. யோசிச்சுச் சொல்றேங்க" என்றார். அந்தச் சிரிப்பை வைத்து நான் எதையும் ஊகிக்கவில்லை. நீயும் ஊகிக்காதே.

மாமா நேற்று மறுபடியும் போன் செய்தார். "அவங்க வேணாம்னுட்டா என்ன பண்ணுவ?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலை உனக்கும் சொல்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றாலும் சரி, நீயே பின்வாங்கினாலும் சரி, அந்தத் தங்கம் வேறு தங்கத்தோடு கலக்காது, உண்டியலுக்கும் போகாது. உன் படத்தில் இருப்பதுபோலவே அட்டிகை செய்யச் சொல்லி, நானே கழுத்தில் போட்டுக்கொண்டு, உன் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காருவேன். தாலி இழந்தவள் அட்டிகை போட்டுக்கொண்டு மணமேடைக்கு எதிரே உட்காரக் கூடாது என்று யாராவது சொன்னால், அதையும் என் முகத்துக்கு நேராக வந்து சொல்லட்டும். எழுந்திருக்க மாட்டேன். மாமா போனை வைத்துவிட்டார்.

சம்பந்தி வீட்டார் கல்யாணப் பத்திரிகை வாசகம் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அவர்கள் பதில் அன்று தெரியும். உன் பதில் இதை எழுதி முடிக்கும்வரை வரவில்லை. பத்தர் திங்கள்கிழமை காலை கம்பி இழுக்க உட்காருகிறார். அதற்குள் கழுத்து அளவு சொல்லிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உன்னுடையதா என்னுடையதா என்று நீ சொல்.